முதற்பள்ளி வீடே

காது கேளாத குழந்தைக்குக் கல்வி வேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டிற்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பம்பாய், கல்கத்தா, பாளையங்கோட்டை ஆகிய மூன்று ஊர்களில் அதற்கெனப் பள்ளிகள் எழுந்துவிட்டன. ஆயின், பள்ளி வயது வரும்வரை அக்குழந்தைக்கு மொழி புகட்டும் வழியைப் பெற்றோர்க்குச் சொல்வார் அரியர். மொழி வேரூன்றும் பருவமோ அதுவே.

இக்குறையை நீக்க முற்பட்டோருள் நாம் நினைக்கத்தக்கவர் அமெரிக்காவின் லூயிஸ் டிரேசி அம்மையார். இவர் திரைப்பட நடிகர் ஸ்பென்சர் டிரேசியின் மனைவி. 1924-இல் பிறந்த மகன் ஜான், பத்து மாதக் குழந்தையாக உறங்கிக் கொண்டிருந்தபோது கதவு ஓசையுடன் அறைந்து சாத்திற்று. குழந்தை விழிக்கவில்லை. பெயர் சொல்லி அழைத்தார்; அசைவில்லை. அன்று உண்மை விளங்கிற்று. மகனுக்குத் தாமே ஆசிரியரானார். தாம் கற்றதைப் பிற பெற்றோர்க்கும் வழங்க, 1942-இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ஜான் டிரேசி நிலையத்தை நிறுவினார்.

தொலைவில் வாழ்ந்தோர்க்கு 1943 முதல் பாடங்கள் அஞ்சலில் சென்றன, கட்டணம் இல்லை. குழந்தையின் முன்னேற்றத்தைப் பெற்றோர் எழுதுவர். நிலையத்தார் விடை எழுதுவர். குளிப்பாட்டும்போதும் உணவூட்டும்போதும் முகத்தில் ஒளி படுமாறு, குழந்தையின் கண்மட்டத்தில் இருந்து இயல்பாகப் பேச வேண்டும் என்பதே அம்முறையின் சாரம்.

அந்நிலையம் உதட்டசைவையும் பேச்சையுமே நம்பிற்று. சைகை மொழிக்கு இடம் தரவில்லை. சைகை மொழியும் தனக்கென அமைப்புடைய மொழியே என்று 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி எடுத்துக்காட்டினார். வழி எதுவாயினும் காலந்தாழ்த்தலாகாது. ஆறு மாதத்திற்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள் மொழித்திறனில் முந்தி நின்றதை 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று.

நம் நாட்டில் 1965-இல் மைசூரிலும் 1983-இல் பம்பாயிலும் இத்துறைக்கென மத்திய அரசின் நிறுவனங்கள் தோன்றின. சென்னையில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா தாயையும் வகுப்பில் உடன் அமர்த்திற்று.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஓர் ஐயம் எழும். தெருவில் இந்தியோ மராத்தியோ, வீட்டில் தமிழ். அக்குழந்தையிடம் எதைப் பேசுவது? கொஞ்சவும் கண்டிக்கவும் கதை சொல்லவும் நமக்குத் தடையின்றி வரும் மொழியையே பேசலாம். அதற்காகத் தமிழைக் கைவிட வேண்டுவதில்லை. பிறந்த முதல் மாதத்திலேயே செவிச் சோதனை செய்விப்போம். ஐயம் தோன்றின், ‘வளர்ந்தால் சரியாகும்’ என்று காத்திராமல் அன்றே மருத்துவரை நாடுவோம்.