மேசையான கதவு

டில்லியில் என் நண்பர் இல்லத்து உணவு மேசையின் பலகை, காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் விலைக்கு வாங்கிய பர்மாத் தேக்குக் கதவு. கால்கள், பழைய தையல் இயந்திரமொன்றின் வார்ப்பிரும்புச் சட்டம். தாழ்ப்பாள் இருந்த துளையை அடைக்கலாகாதென்று தச்சரிடம் அவர் கூறிவிட்டாராம்.

நேயர்களே, அத்தேக்கு கடல் கடந்து வந்தது. நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழிலால் ஈட்டிய பொருளே செட்டிநாட்டில் மாளிகைகளாக எழுந்தது. 1930-க்குப் பின் நெல்விலை வீழவே, கடன்பட்ட உழவர்தம் நிலங்களும் அவர்கள் கைக்கு மாறின. 1938-இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்களுடையது. நிலமிழந்த அவ்வுழவரை மறந்து மாளிகைகளை மட்டும் வியப்பது முறையன்று. 1942-இல் ஜப்பானியர் படையெடுக்கவே, பலர் யாவற்றையும் விட்டுத் திரும்பினர். பின்னர் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கிற்று.

வீடுகள் எஞ்சின, பங்காளிகள் பெருகினர், பராமரிக்கப் பொருளில்லை. பல வீடுகள் பிரிக்கப்பட்டுத் தூண், கதவு, இரும்புக் கிராதி எனத் தனித்தனியே கடைக்கு வந்தன. நூறாண்டு உலர்ந்த தேக்கு எளிதில் கோணாது. கரையானும் அதனை எளிதில் அண்டாது. தச்சர்கள் அதனை விரும்புவதில் வியப்பில்லை.

நண்பரின் பாட்டனார் இரங்கூனில் கணக்கெழுதியவர். 1942-இல் கால்நடையாகத் திரும்பியவர். அக்கதவு எவ்வீட்டினது என்று நண்பர் வினவியபோது, கடைக்காரருக்கும் தெரியவில்லையாம்.