ஜாம்நகருக்கு வந்த கோப்பை

1934-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டம் ஒரே பகலில் முடிந்துபோயிற்று. அந்தக் கோப்பை எவருடைய திருநாமத்தைத் தாங்கியிருந்ததோ, அவருடைய ஊருக்கே மூன்றாவது பருவத்தில் அது போய்ச் சேர்ந்த கதை இனி வருவது.

கட்ச் வளைகுடாவின் தென்கரையில், ஏறக்குறைய நாலு லட்சம் பிரஜைகளே வாழ்ந்த நவாநகர் சமஸ்தானத்தின் ராஜதானி ஜாம்நகர். ஆங்கில மைதானங்களில் கீர்த்தி பெற்ற ரஞ்சித்சிங்ஜி அங்கே ஜாம் சாகேபாக அரசாண்டு 1933-இல் காலமானார். பாரத நாட்டுக் கிரிக்கெட்டுக்கு அவர் செய்தது சொற்பம் என்று குறை சொல்வாருண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் அவர் அரண்மனையைச் சுற்றி வேரூன்றிய ஆட்டத்தின் மோகம் அவரோடு மறைந்துவிடவில்லை.

1936-37-இல் முதன்முதலாகப் பந்தயத்தில் பிரவேசித்த நவாநகர், ஸஸெக்ஸ் மாகாணத்திலிருந்து வந்த தொழில்முறை ஆட்டக்காரரான பெர்ட் வென்ஸ்லியைத் தலைவராகக் கொண்டிருந்தது. வந்தவர் ஆடினதோடு நில்லாமல் உபாத்தியாயராகவும் இருந்தார். ஜாம்நகரிலேயே பிறந்த வினூ மன்கட் என்னும் இளைஞர், வேகத்தை விட்டு இடக்கைச் சுழற்பந்தைக் கைக்கொண்டது அவருடைய போதனையாலேதான். 1932-இல் லார்ட்ஸில் பாரதத்தின் முதல் டெஸ்ட் அரைச் சதத்தை அடித்த வேகப்பந்து வீரர் அமர்சிங்கும் இந்தச் சமஸ்தானத்துக்காக ஆடியவரே.

பம்பாயில் நடந்த இறுதி ஆட்டத்தில், ஒரு மாகாணம் முழுவதையும் பின்னணியாகக் கொண்ட வங்காளத்தை எதிர்த்து நவாநகர் 424-உம் 383-உம் எடுத்தது. இருபது வயது நிரம்பாத மன்கட் 185 ஓட்டங்கள் குவித்தார். வெற்றி 256 ஓட்டங்களால்.

மறு வருஷத்து இறுதி ஆட்டத்தை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது. ஹைதராபாத்தை 113-க்குச் சுருட்டி, 310 ஓட்டங்கள் எடுத்தால்தான் ஜெயம் என்ற நிர்ப்பந்தத்தில் அதை நிறுத்திய பின்னும், எதுல்ஜி ஐபாரா 137 ஓட்டங்களோடு கடைசிவரை அசையாது நின்றதால், கையிலிருந்த கோப்பை ஒரே ஒரு விக்கெட்டில் நழுவிப்போயிற்று. 1940-இல், முப்பது வயதைக்கூட எட்டாத அமர்சிங் ஜுரத்தால் மாண்டார்.

1948-இல் கத்தியவார் சமஸ்தானங்கள் ஒன்றுகூடிச் சௌராஷ்டிர ராஜ்யமானபோது நவாநகர் பூகோளப் படத்திலிருந்து மறைந்தது. பந்தயப் பட்டியலிலிருந்தும் மறைந்தது. அந்த மண்ணை உள்ளடக்கிய சௌராஷ்டிரம் தன் சொந்தப் பெயரில் ரஞ்சிக் கோப்பையை முதன்முதலாக ஏந்தியது 2020 மார்ச்சில், ராஜ்கோட்டில். அன்று எதிரே நின்று தோற்றதும் வங்காளமே.