கருப்பை வாய்ப் புற்றும் இரு விசாரணைகளும்

பொம்மனஹள்ளியின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் பெண்மக்களுக்கு, முப்பது வயதைக் கடந்தபின் கருப்பை வாயைச் சோதித்துக்கொள்ளுமாறு அரசு மருத்துவர்கள் கூறுகின்றனர். காடி என்னும் வினிகரை நீர்கலந்து தடவினால், நோய்க்கு முந்திய மாறுதல் உள்ள இடம் வெளுத்துத் தோன்றும். அந்நிலையிலேயே சிகிச்சை செய்தால் புற்றைத் தடுக்கலாம். இச்சோதனையின் வரலாறு முழுவதும் பெருமைக்குரியதன்று.

நியூசிலாந்தில் நடந்ததை முதலில் காண்போம். ஆக்லந்து நகரின் தேசியப் பெண்கள் மருத்துவமனையில் 1966-இல் ஹெர்பர்ட் கிரீன் என்னும் மருத்துவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். முந்திய நிலை மாறுதல் புற்றாக முற்றுவது அரிது என்பது அவர் கொள்கை. ஆதலின் பெண்கள் பலர் உரிய சிகிச்சையின்றிக் கவனிக்கப்பட்டு வந்தனர். தாம் ஆய்வுக்கு உட்பட்டிருப்பதையே பலர் அறியார்; சிலர் மாண்டும் போயினர். 1987 ஜூனில் சாண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்னும் இரு பெண்மணிகள் 'மெட்ரோ' இதழில் இதனை எழுதினர். நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரணை நடத்தி, நோயாளிகளின் வாய்மொழியையும் கேட்டு, 1988 ஆகஸ்டில் அறிக்கை அளித்தார். நாடு தழுவிய சோதனைத் திட்டமும், 1996-இல் நோயாளர் உரிமைச் சாசனமும் அதன் விளைவுகள்.

நம் நாட்டில் 1998 முதல் மும்பையிலும், பின்னர் இன்று தாராசிவ் எனப்படும் உஸ்மானாபாத்திலும், நம் திண்டுக்கல் மாவட்டத்திலும் மூன்று பெரிய ஆய்வுகள் நிகழ்ந்தன. திண்டுக்கல்லில் 49,311 பெண்கள் காடிச் சோதனைக்குரிய பிரிவில் சேர்க்கப்பட்டனர். 30,958 பேர் ஒப்பீட்டுக்காகச் சோதனையின்றி விடப்பட்டனர். 2007-இல் முடிவு வெளியாயிற்று: சோதனைப் பிரிவில் இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைவு. மூன்று ஆய்வுகளிலும் சோதனையின்றி விடப்பட்டோர் மொத்தம் 1,38,624 பேர். அவர்களுள் 254 பேர் இந்நோய்க்குப் பலியாயினர் என அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா 2014-இல் எழுதினார். சோதனையே கிட்டாத நாட்டில் அதுதானே வழக்கமான நிலை என்றனர் ஆய்வாளர். சோதனை உயிர் காக்கும் என்பது முன்னரே தெரிந்ததன்றோ என்றார் சூபா. நமக்கு அவர் கேள்வியே வலுவுடையதாகப் படுகிறது.

மும்பை ஆய்வுக்கு அமெரிக்க அரசின் நிதி கிடைத்திருந்தமையால், அந்நாட்டு அலுவலகமொன்று முறையீட்டை ஆராய்ந்தது. ஒப்புதல் பெறும்போது பெண்களுக்குக் கூறிய விவரம் போதாது என அது முடிவு கண்டது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடம் உறுத்துகிறது. 'ஒப்புதல்' என்ற சொல்லை எந்த மொழியிலும் பெயர்த்துவிடலாம். 'இங்கே உமக்குச் சோதனை இல்லை, வேறிடத்தில் செய்துகொள்ளலாம்' என்னும் வாக்கியம் மூலப் படிவத்தில் இருந்தாலன்றோ பெயர்க்க முடியும்!

திண்டுக்கல்லில் பயன் கண்ட அக்காடிச் சோதனையையே, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்யுமாறு மத்திய அரசு 2016-இல் நெறிமுறை வகுத்தது.