தரை எங்கே இருக்கிறது?

ட்ரோன் ஓட்டத் தெரிந்தவர்கள் புதியவர்களுக்கு முதலில் காட்டும் வித்தை ஒன்று உண்டு. இடுப்பளவு உயரத்துக்கு அதை எழுப்பிவிட்டு, ரிமோட்டிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். அது விழாது, ஏறாது. ஆணியில் மாட்டிய மாதிரி அப்படியே நிற்கும். பார்ப்பவர்கள் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பார்கள், பேட்டரி எவ்வளவு நேரம் வரும் என்று கேட்பார்கள். தரையிலிருந்து தான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பது அதற்கு எப்படித் தெரிகிறது என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு.

என்னைப் பொறுத்தவரை அந்த அரைக் கிலோ பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் விஷயங்களில் மிகப் பழையது இந்தக் கேள்விதான். ஏறக்குறைய 375 வருஷமாக மனிதர்கள் இதற்குப் பதில் தேடுகிறார்கள். தேடியதில் கிடைத்த கருவிகள் எதுவும் உயரத்தை நேரடியாக அளப்பதில்லை. ஒன்று காற்றின் எடையை அளக்கிறது, இன்னொன்று எதிரொலி திரும்பும் நேரத்தை, மற்றொன்று படம் நகரும் வேகத்தை. உயரம் என்பது அவற்றிலிருந்து நாம் செய்யும் ஊகம். மேலே போகப் போக அந்த ஊகம் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை. தரைக்குப் பக்கத்தில் வரும்போதுதான் பிசகுக்கு விலை உண்டு.

*

1648 செப்டம்பர் 19. பிரான்சில் ஃப்ளோரன் பெரியே என்பவர் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு புய் டு டோம் என்ற எரிமலைக் குன்றின் மேல் ஏறினார். அனுப்பிவைத்தவர் அவருடைய மைத்துனர் பிளேஸ் பாஸ்கல். குழாய் டொரிசெல்லியின் கண்டுபிடிப்பு. நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றுக்கு எடை இருந்தால், மேலே ஏறும்போது பாதரசம் இறங்க வேண்டும். சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கியது. அடிவாரத்தில் வைத்துவிட்டு வந்த இன்னொரு குழாயில் நாள் முழுக்க மாற்றமே இல்லை. கீழேயும் ஒன்றை வைத்து ஆளைக் காவல் போட்டதுதான் அந்தச் சோதனையின் புத்திசாலித்தனம். ஏன் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

அந்தக் குழாயின் வாரிசுதான் விமானத்தின் ஆல்டிமீட்டர். 1929 செப்டம்பர் 24 அன்று ஜிம்மி டூலிட்டில் நியூயார்க் அருகே மிட்செல் ஃபீல்டில், மூடிய காக்பிட்டில் வெளியே எதையும் பார்க்காமல், கருவிகளை மட்டும் நம்பி ஒரு விமானத்தை எழுப்பிச் சுற்றி இறக்கினார். பால் கோல்ஸ்மன் செய்த நுட்பமான ஆல்டிமீட்டர் அதில் இருந்தது. பழைய கருவிகள் நூற்றுக்கணக்கான அடிகளில் பேசிக்கொண்டிருந்தபோது, இது பத்து இருபது அடிகளில் பேசியது.

இன்றைய ட்ரோனில் அதே வேலையை அரிசி மணி அளவுச் சிப் ஒன்று செய்கிறது. ரிச்சி தெருவில் பிஎம்பி280 என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். நானும் ஒன்று வாங்கி வந்து, லேப்டாப்பில் இணைத்து மேசை மேல் வைத்தேன். காலை பத்து மணிக்கு ஒரு உயரம் சொன்னது. மாலை நாலு மணிக்குப் பார்த்தால் மேசை இருபது மீட்டருக்கு மேல் எழும்பியிருந்தது!

சிப்பில் பழுது இல்லை. நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களில் காற்றழுத்தத்துக்குக் கடல் மாதிரியே ஓதம் உண்டு. காலை பத்து மணிவாக்கில் உச்சம், மாலை நாலு மணிவாக்கில் தாழ்வு. வித்தியாசம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது கிட்டத்தட்ட எட்டரை மீட்டர் உயரத்துக்குச் சமம் என்பதால், தினமும் மதியத்தில் சென்னை முழுக்க ஏழெட்டு மாடி மேலே போய்விட்டு இரவில் திரும்புகிறது, பாரோமீட்டரின் கணக்குப்படி. பெரியே அடிவாரத்தில் ஒரு குழாயை விட்டுவிட்டுப் போனது இதற்குத்தான். மாறியது உயரமா, வானிலையா என்று ஒற்றைக் குழாயால் சொல்ல முடியாது.

தரைக்கு அருகில் இன்னொரு சிக்கலும் உண்டு. ட்ரோனின் விசிறிகள் கீழே தள்ளும் காற்று தரையில் மோதி, அடியில் மெத்தை மாதிரி அமுங்கி நிற்கும். அழுத்தம் கூடுகிறது. சிப், "ஐயோ, இறங்கிவிட்டோம்" என்று நினைக்கிறது. ஒரு மீட்டர் உயரத்துக்கு அழுத்தம் மாறுவதே வெறும் 12 பாஸ்கல். காற்று கொஞ்சம் குழம்பினாலே அது அடிபட்டுப்போகும். சொந்தமாக ட்ரோன் கட்டுபவர்கள் அந்தச் சிப்பின் மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்சை ஒட்டுவது இதனால்தான். காற்று நேராக முகத்தில் அடிக்கக் கூடாது, வெயிலும் படக்கூடாது.

*

பாரோமீட்டர் தரையைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை என்பது போரில் உறைத்தது. 1943 மே 16 இரவு, பிரிட்டிஷ் விமானப்படையின் 617-ஆவது ஸ்குவாட்ரன் 19 லங்காஸ்டர் விமானங்களில் ஜெர்மனியின் அணைகளை உடைக்கக் கிளம்பியது. குண்டு தண்ணீர் மேல் தவளைக்கல் மாதிரி குதித்துப் போய் அணையில் முட்ட வேண்டும். அதற்கு அதைச் சரியாக 60 அடி உயரத்தில் போட வேண்டும். இருட்டில், நான்கு எஞ்சின் விமானத்தில், பதினெட்டே மீட்டர் உயரம். ஆல்டிமீட்டரை நம்பினால் ஏரிக்குள் போக வேண்டியதுதான்.

விடை சிரிப்பு வரும் அளவுக்கு எளிமையானது. விமானத்தின் அடியில், முன்னே ஒரு விளக்கு, பின்னே ஒரு விளக்கு. இரண்டு ஒளிக்கற்றைகளும் சரியாக 60 அடி கீழே ஒன்றையொன்று தொடும்படி சாய்த்துப் பொருத்தினார்கள். நேவிகேட்டர் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்ப்பார். இரண்டு வட்டங்களும் ஒட்டி எட்டு வடிவம் வந்தால் சரி. வராவிட்டால் "இறங்கு", "ஏறு" என்று விமானியிடம் கத்துவார். இரண்டு பல்பும் ஒரு முக்கோணமும்தான் கருவி.

இரண்டு அணைகள் உடைந்தன. 8 விமானங்கள் திரும்பவில்லை, 53 வீரர்கள் இறந்தார்கள். வெள்ளத்தில் ஏறத்தாழ 1300 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் ஜெர்மனி பிடித்து வந்து வேலை வாங்கிய வெளிநாட்டுத் தொழிலாளர்கள். போகும் வழியில் ஒரு விமானம் கடலைத் தொட்டுக் குண்டை இழந்து, உயிரோடு திரும்பியது. இந்த வரலாற்றில் துல்லியம் என்ற சொல்லை நான் எழுதும்போதெல்லாம், அது யாருக்காக என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

ரேடியோ அலையைக் கீழே அனுப்பி அது திரும்புவதிலிருந்து உயரத்தைக் கணிக்கும் ஆல்டிமீட்டரை பெல் ஆய்வகத்தின் லாயிட் எஸ்பன்ஷீட் ஏற்கெனவே உருவாக்கியிருந்தார். 1938-இல் செய்தும் காட்டினார்கள். பிற்பாடு பயணிகள் விமானங்கள் எல்லாவற்றிலும் அது ஏறியது. "கடலிலிருந்து எவ்வளவு?" என்ற கேள்விக்குப் பதிலாக, "எனக்கு நேர் கீழே இருப்பதிலிருந்து எவ்வளவு?" என்று கேட்கும் கருவி.

*

அந்தக் கேள்வி நம் கைக்கு வந்தது 2010-இல். பாரட் என்ற பிரெஞ்சு நிறுவனம் ஐபோனில் ஓட்டும் ஏஆர்.ட்ரோனை விற்பனைக்கு விட்டது. அதன் வயிற்றில் இரண்டு உறுப்புகள். ஒன்று, நம் காதுக்குக் கேட்காத ஒலியைக் கீழே அனுப்பி எதிரொலியைக் கேட்கும் அல்ட்ராசானிக் சென்சார். 1978-இல் போலராய்டு ஒரு கேமராவின் ஃபோகஸுக்காகக் கொண்டுவந்த அதே உத்தி. இன்னொன்று, தரையைப் பார்க்கும் கேமரா. சோனார் உயரம் சொல்லும். கேமரா, தரையின் படம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து, காற்று நம்மைத் தள்ளுகிறதா என்று சொல்லும். இரண்டும் ஒன்றுக்கொன்று வேண்டும். ஒரே வேகத்தில் போனாலும் தாழப் பறக்கும்போது தரை வேகமாக ஓடும், உயரத்தில் மெதுவாக நகரும். உயரம் தெரியாமல் படத்தின் ஓட்டத்தை வேகமாக மாற்ற முடியாது.

சோனாருக்கு ஆறு மீட்டர்தான் எல்லை. அதனால் 2012-இல் வந்த இரண்டாம் மாடலில் பாரோமீட்டரையும் சேர்த்தார்கள். பாஸ்கலின் குழாய் மறுபடி உள்ளே வந்தது. பிறகு வந்த சிறிய ட்ரோன்கள் பலவற்றில் சோனாரின் இடத்தை அகச்சிவப்பு ஒளி பிடித்தது. ஒளி ஒரு மீட்டர் போய்த் திரும்ப எடுத்துக்கொள்வது 6.7 நானோ நொடி. சில்லறைக் காசுக்கு விற்கும் சிப் அதை எண்ணுகிறது.

இந்த வித்தையை நமக்கு முன்னால் கற்றவை தேனீக்கள். பெங்களூரில் படித்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய மண்டியம் ஸ்ரீநிவாசன், தேனீ தரையிறங்கும்போது கண்ணில் ஓடும் காட்சியின் வேகத்தை மாறாமல் பிடித்துக்கொள்கிறது என்று காட்டினார். தாழ வரும்போது காட்சி வேகமெடுக்கும், உடனே அது தன் வேகத்தைக் குறைக்கும். தரையைத் தொடும்போது வேகம் கிட்டத்தட்டப் பூஜ்யம். உயரத்தை அது அளக்கவே இல்லை!

ஆனால் அதற்கும் முன்னால், 1963-இல் ஹெரன், லிண்டாவர் என்ற ஆய்வாளர்கள் தேனீக்களை ஏரிக்கு மேலே பறக்கவிட்டிருந்தார்கள். அலை இருந்தால் பிரச்சினை இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தால், தேனீக்கள் தாழ்ந்துகொண்டே போய் உள்ளே விழுந்தன. பிடித்துக்கொள்ள ஒரு புள்ளியும் இல்லாத தரை, தரையே இல்லை. ட்ரோன் வாங்கும்போது வரும் கையேட்டில் தண்ணீர், கண்ணாடி, ஒரே நிறத் தரை, இருட்டு ஆகியவற்றின் மேல் தாழப் பறக்காதீர்கள் என்று எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. அது தேனீக்களின் கதைதான்.

*

ஆக, எல்லாச் சாட்சிகளும் ஏதோ ஒரு சூழலில் பொய் சொல்லும். பாரோமீட்டர் வானிலையில், சோனார் புல்வெளியில், கேமரா வெறும் பரப்பில். புது ஊரில் வழி கேட்கிற மாதிரிதான். டீக்கடைக்காரர் ஒன்று சொல்வார், ஆட்டோக்காரர் வேறு சொல்வார். யாரை எவ்வளவு நம்புவது என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு நடக்கிறோம். 1960-இல் ருடால்ஃப் கால்மன் இந்தக் கணக்குக்கு ஒரு சூத்திரம் எழுதினார். ஒவ்வொரு சாட்சிக்கும் எவ்வளவு பிழை வரும் என்று நீங்கள் முன்கூட்டியே சொன்னால், எதற்கு எவ்வளவு எடை என்று அது நொடிக்குப் பல நூறு முறை முடிவு செய்யும். இடுப்பு உயரத்தில் அசையாமல் நிற்கும் ட்ரோனுக்குள்ளே ஓயாமல் ஒரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருக்கிறது. நான் எழுதும் நிரல்களிலும் இந்த "முன்கூட்டியே சொன்னால்" என்ற இடத்தில்தான் எனக்குக் கை நடுங்கும். அந்த எண்ணைத் தருவது மனிதன்.

பஞ்சாயத்தே இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நாள் உண்டு. 2009 பிப்ரவரி 25. ஆம்ஸ்டர்டாமில் இறங்க வந்துகொண்டிருந்த துருக்கி ஏர்லைன்ஸ் 1951. இன்னும் 2000 அடிக்குப் பக்கத்தில் இருக்கும்போது இடது ரேடியோ ஆல்டிமீட்டர் மைனஸ் 8 அடி என்றது. வலது பக்கத்துக் கருவி சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தது. ஆட்டோ-த்ராட்டில் கேட்டதோ இடதை மட்டும். ஓடுபாதைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து எஞ்சின்களைத் தணித்துவிட்டது. வேகம் குறைந்துகொண்டே போனதை விமானிகள் கவனிப்பதற்குள் நேரம் போய்விட்டது. 135 பேரில் 9 பேர் இறந்தார்கள். உண்மை சொன்ன சாட்சி அதே விமானத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தது, யாரும் கேட்கவில்லை.

*

இந்த வரலாற்றின் கடைசி நிறுத்தம் இப்போதைக்குச் செவ்வாயில் இருக்கிறது. நாசாவின் இன்ஜெனுவிட்டி 1.8 கிலோ எடை. கீழே பார்க்கும் கறுப்பு வெள்ளை நேவிகேஷன் கேமரா, லேசர் ஆல்டிமீட்டர், அசைவை உணரும் சென்சார்கள். நாம் கடையில் வாங்கும் ட்ரோனின் அதே குடும்பம். 2021 ஏப்ரல் 19 அன்று 3 மீட்டர் எழும்பி 39 நொடி பறந்தது. ஐந்து முறை பறந்தால் போதும் என்று திட்டமிட்டது, 72 முறை பறந்தது.

72-ஆவது, 2024 ஜனவரி 18. கீழே மணல் அலைகள், கல் என்று சொல்ல அதிகம் எதுவும் இல்லை. 12 மீட்டர் ஏறி இறங்கும்போது கேமராவுக்குப் பிடித்துக்கொள்ளப் போதுமான புள்ளிகள் கிடைக்கவில்லை. உயரம் தெரிந்தது, பக்கவாட்டில் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பது தெரியவில்லை. அந்த வேகத்தோடேயே சரிவில் மோதியது. குலுக்கலில் நான்கு சிறகுகளும் முறிந்தன.

பிறகு அது அனுப்பிய படத்தில், சிறகின் நிழல் தெளிவாக விழுந்திருக்கிறது. நுனியில் ஒரு துண்டைக் காணோம்.