வட்டும் காத்திருப்பும்

நிலைவட்டில் படிமுனை இடம்பெயரும் நேரமே பெருஞ்செலவு. 1967இல் பீட்டர் டென்னிங் இதனை ஆராய்ந்தார். அருகிலிருக்கும் கோரிக்கையை முதலில் நிறைவேற்றினால் வேகம் கூடும். ஆனால் தொலைவிலிருப்பது காத்துக்கிடக்கும். மின்தூக்கியைப் போல ஒரு திசையில் சென்று திரும்பும் முறை அக்குறையைத் தணித்தது.

எனினும், கோரிக்கை நிலுவையில் இருக்கையில் வட்டு சும்மா இருக்கலாகாது என்பதே இரண்டிற்கும் அடிப்படை. 2001இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் சீதாராம் ஐயரும் பீட்டர் ட்ருஷெலும் இதை மறுத்தனர். ஒரு நிரல் தரவைப் பெற்று, அடுத்ததைக் கேட்பதற்குள் படிமுனை வேறொரு நிரலின் பகுதிக்குச் சென்றுவிடுகிறது. பின்னர் மீண்டும் திரும்ப நேர்கிறது. சில மில்லிநொடிகள் அங்கேயே காத்திருந்தால் மொத்த வேலையும் விரைவாக முடியும் என்று காட்டினர்.

லினக்ஸ் 2.6 இம்முறையை ஏற்றது, 2010இல் நீக்கியது. காத்திருக்கும் உத்தியோ, அதன் இடத்திற்கு வந்த சிஎஃப்க்யூ முறைக்குள் தொடர்ந்தது.