டியூப் போடலாமா, வேண்டாமா?

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த பெரியவர் ஆறு மணி நேரமாகியும் யூரின் போகவில்லை. "முட்டுதா தாத்தா?" என்று சிஸ்டர் கேட்டால், "ஒண்ணும் தெரியலயேம்மா" என்கிறார். முதுகில் போட்ட ஊசி இன்னும் முழுசாகத் தெளியவில்லை. மூத்திரப்பை நிறைந்திருக்கிறதா, உடம்பில் நீரே குறைவா? அடிவயிற்றைத் தட்டிப் பார்க்கலாம்; தொப்பை இருந்தால் அதுவும் பிடிபடாது. டியூப் விட்டு அளப்பதுதான் அந்தக் காலத்து வழி. பை காலியாக இருந்தால் மிஞ்சுவது எரிச்சலும் கிருமியும்தான்.

இந்தச் சந்தேகம் தினசரிப் பாடாக இருந்த இடம் தண்டுவட வார்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் 1966இல் தொடங்கியது. அதற்காகப் பாடுபட்டவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954 விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். தண்டுவடம் அடிபட்டவருக்கு முட்டுவது தெரியாது. தேங்கிய நீர் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். அதே 1966இல் இங்கிலாந்து டாக்டர்கள் குட்மனும் ஃபிராங்கலும், டியூப்பை உள்ளேயே விட்டுவைக்காமல் அவ்வப்போது போட்டு எடுக்கும் முறையைப் பற்றி எழுதினார்கள். சரி, எப்போது போடுவது?

அதற்கான விடை அமெரிக்காவின் டென்வரில் உருவானது. அங்கே டாக்டர்கள் ஹவுரியும் ஹோம்ஸும் 1950களிலேயே ஆளைத் தண்ணீரில் உட்காரவைத்து ஒலியலையால் படம் பிடித்தவர்கள். அதற்கு வைத்திருந்த தொட்டி, பி-29 குண்டுவீச்சு விமானத்தின் துப்பாக்கிக் கூண்டு! 1967இல் ஹோம்ஸ் மூத்திரப்பையை ஒலியலையால் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். 1980களில் வாஷிங்டன் மாநிலத்தின் டயக்னாஸ்டிக் அல்ட்ராசவுண்ட் நிறுவனம், அந்த உத்தியைக் கட்டிலருகே கொண்டுபோகும் கருவியாக்கியது.

படத்தை விட்டுவிட்டு எண்ணைக் காட்டியதுதான் அதன் சாமர்த்தியம் என்பேன். படம் பார்க்க டாக்டர் வரவேண்டும். எண்ணைப் பார்க்க சிஸ்டரே போதும். அடிவயிற்றில், முன்பக்க இடுப்பெலும்புக்குச் சற்று மேலே ஜெல் தடவிக் கருவியை வைத்தால், ஒலி சிறுநீரைக் கடந்து போய்ப் பையின் சுவரில் பட்டுத் திரும்பும். உயரம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி, அதை 0.52ஆல் பெருக்கினால் ஏறக்குறைய எத்தனை மில்லி என்பது கிடைக்கும். புதிய கருவிகள் பல கோணங்களில் தாமே வெட்டிப் பார்த்துக் கணக்குப் போடுகின்றன. 600 என்று காட்டினால் டியூப். 80 என்றால் பொறுத்துப் பார்க்கலாம், நீர் போதவில்லையா என்றும் யோசிக்கலாம்.

ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்களிடம் இது ஏமாந்துவிடலாம். கருவிக்கு அதுவும் மூத்திரமாகத்தான் படும்.