பெண்ணின் பெயர் தாங்கிய ரிவால்வர்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற நகரம் துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே இயங்கிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1902-ல் மிகச் சிறிய ரிவால்வர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாயின்ட் 22 அளவுத் தோட்டா ஏழு கொள்ளும். உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். அதற்கு ‘லேடிஸ்மித்’ என்று பெயர் வைத்தார்கள். 1921 வரை ஏறத்தாழ 26,000 துப்பாக்கிகள் அந்தப் பெயரில் வெளிவந்தன.

அது ஏன் நின்றுபோனது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். பாலியல் தொழில் செய்த பெண்கள் அதை விரும்பி வாங்கினார்களாம். சமய நெறியில் ஊறிய நிறுவனர் டேனியல் வெஸ்ஸன் அதைக் கேள்விப்பட்டு, வெறுத்துப்போய் உற்பத்தியை நிறுத்தினாராம். இன்றும் துப்பாக்கி சேகரிப்பவர்கள் இதைச் சொல்லித் திரிகிறார்கள். ஆனால் டேனியல் வெஸ்ஸன் இறந்தது 1906-ல். அதற்குப் பின்னும் 15 ஆண்டுகள் லேடிஸ்மித் தயாரானது. கதை நிற்காது. அது நூறாண்டு தாண்டி உயிரோடு இருப்பதற்குக் காரணம், பெண் கையில் துப்பாக்கி என்றாலே அவளுடைய ஒழுக்கத்தைத் தேடிப் போகும் புத்திதான்.

இந்த ரிவால்வருக்கு ஒரு மூத்த உறவு உண்டு. 1887-ல் அதே நிறுவனம், வெளியே சுத்தி தெரியாத ஒரு ரிவால்வரைச் செய்தது. தோட்டாவின் பின்புறத்தைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தி உள்ளே மறைந்திருக்கும். ஆகவே சட்டைப் பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாது. கைப்பிடியின் பின்பக்கம் ஒரு தகடு. அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி விசையை இழுத்தால்தான் சுடும். அழுத்தாவிட்டால் விசை அசையாது. ‘எலுமிச்சை பிழிவான்’ என்று வாடிக்கையாளர்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். ஒரு குழந்தை துப்பாக்கியை எடுத்துக் காயப்பட்ட செய்தி கேட்டுத்தான் வெஸ்ஸன் இதை உருவாக்கினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அதை உறுதிப்படுத்த வழியில்லை என்றாலும், தகட்டை அழுத்துவதையும் விசையை இழுப்பதையும் குழந்தையின் சிறிய கை ஒரே நேரத்தில் செய்ய இயலாது என்பதே அந்தத் தகட்டின் தத்துவம். அந்தத் தகட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று பெண்களுக்குப் பரிந்துரைக்கப்படும் சிறு ரிவால்வரின் நேரடி முன்னோர் பிறந்தது 1950-ல். கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் கூடிய காவல்துறைத் தலைவர்கள் மாநாட்டில் அதை அறிமுகம் செய்தார்கள்; அதனால் ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்று பெயர். இரண்டு அங்குலத்துக்கும் குறைவான குழல், பாயின்ட் 38 ஸ்பெஷல் தோட்டா ஐந்து. சாதாரண உடையில் வேலை பார்க்கும் துப்பறியும் காவலர் கோட்டுக்குள் மறைத்து வைக்கவும், சீருடைக் காவலர் இரண்டாவது துப்பாக்கியாகக் கணுக்காலில் கட்டிக்கொள்ளவும் செய்யப்பட்டது. முறையாகப் பயிற்சி பெற்ற ஆண்களின் கைக்கான கருவி அது. அதன் உடலான சட்டத்துக்கு (பிரேம்) நிறுவனம் வைத்த குறியீடு ‘ஜே’. துப்பாக்கிக் கடைகளில் இன்றும் ‘ஜே-பிரேம்’ என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

அதன் எடை சுமார் 550 கிராம். நாள் முழுதும் சுமப்பவர்களுக்கு அதுவும் பாரமாகத் தெரிந்தது. 1952-ல் அலுமினியச் சட்டத்தில் ‘ஏர்வெயிட்’ வந்தது. ஆர்வத்தில் தோட்டா உருளையையும் அலுமினியத்திலேயே செய்தார்கள். வெடிப்பின் அழுத்தம் தாங்காமல் விரிசல் விட்டதால் சில ஆண்டுகளில் உருளை மட்டும் எஃகுக்குத் திரும்பியது. அப்போது தொடங்கிய எடைக் குறைப்பு நிற்கவில்லை. ‘642’ என்ற எண் கொண்ட இன்றைய ஏர்வெயிட் 410 கிராம் அளவில் இருக்கிறது. ஸ்காண்டியம் கலந்த உலோகத்தில் செய்த ‘340’ வகை 330 கிராம்தான்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் பெண்களுக்கு நேர்ந்த அநியாயம் இந்தக் கிராம் கணக்கில்தான் இருக்கிறது. தோட்டா முன்னால் பாயும் வேகத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் உதைக்கும். தோட்டா ஒன்றாகவே இருந்து துப்பாக்கியின் எடை மட்டும் குறைந்தால், உதையின் ஆற்றல் அதே விகிதத்தில் கூடும். 550 கிராம் துப்பாக்கியில் சுடும் அதே தோட்டாவை 330 கிராம் துப்பாக்கியில் சுட்டால், கட்டைவிரலின் அடிமூட்டு ஒன்றரை மடங்குக்கும் அதிகமான உதையை வாங்கும். ஜே-பிரேமின் கைப்பிடியோ குட்டை. சுண்டுவிரலுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. மிச்சமுள்ள விரல்கள் முழு உதையையும் தாங்குகின்றன.

விசையின் கதை இன்னும் மோசம். சுத்தி மறைந்திருக்கும் வகைகளில் ஒவ்வொரு முறையும் விசையை நெடுக இழுத்துத்தான் சுட வேண்டும். அதற்குச் சுமார் ஐந்தரைக் கிலோ எடைக்கு ஈடான பலம் தேவை. அரைக் கிலோவுக்கும் குறைவான ஒரு பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் அதன் எடையைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் இழுக்க வேண்டும். கை நடுங்கினால் குறி தவறும். குழல் குட்டையாக இருப்பதால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் குறைவு. ஒரு மில்லிமீட்டர் பிசகு இலக்கில் பெரிய விலகலாகும். ஆகவே அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் பலர் இதைத் தேர்ந்தவர்களின் துப்பாக்கி என்பார்கள். கடைக்காரர்களோ புதிதாக வரும் பெண்ணிடம் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான்: சின்னது, இலேசானது, அழகானது என்று சொல்லி.

அந்த வழக்கம் வேரூன்றியது 1980-களின் இறுதியில். 1987-ல் ஃபுளோரிடா மாநிலம், தகுதியுள்ள எவர் கேட்டாலும் மறைத்து எடுத்துச்செல்லும் உரிமம் தர வேண்டும் என்று சட்டம் செய்தது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. அதுவரை பெரும்பாலும் ஆண்களையே நம்பியிருந்த துப்பாக்கிச் சந்தை பெண்கள் பக்கம் திரும்பியது. பாக்ஸ்டன் குவிக்லி எழுதிய ‘ஆர்ம்டு அண்ட் ஃபீமேல்’ (ஆயுதம் ஏந்திய பெண்) நூல் 1989-ல் வந்தது. அதே ஆண்டு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், 68 ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்த லேடிஸ்மித் என்ற பெயரை எழுப்பியது. ரோஸ்வுட் மரத்தில் ஒல்லியான கைப்பிடி, பக்கவாட்டில் வளைந்த எழுத்தில் பெயர். உள்ளே இருந்தது 1950-ல் காவலருக்காகப் பிறந்த அதே இயந்திரம். பிறகு வண்ணங்கள் வந்தன. சார்ட்டர் ஆர்ம்ஸ் நிறுவனம் ரிவால்வரின் சட்டத்தையே இளஞ்சிவப்பாக்கி ‘பிங்க் லேடி’ என்று விற்றது. பெண்ணின் விரல் நீளம், பிடியின் வலிமை, அவள் அணியும் உடை ஆகியவற்றை அளந்து பார்ப்பதற்கு முன்பே அவளுக்குப் பிடித்த நிறம் எது என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. உயிர் பிழைக்கும் கருவி என்று சொல்லி விற்கும் ஒன்றில் இந்த அலட்சியம் கூடாது.

நம் நாட்டிலும் இதே நடந்தது. 2014 ஜனவரியில் கான்பூர் பீரங்கித் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற பாயின்ட் 32 ரிவால்வரைப் பெண்களுக்கென்று வெளியிட்டது. எடை 500 கிராம். விலை 1,22,000 ரூபாய்க்கும் மேல். நகைப்பெட்டி போன்ற மெரூன் நிறப் பெட்டி. தில்லியில் கொல்லப்பட்ட மாணவிக்கு ஊடகங்கள் கொடுத்த பெயரை ஒட்டி அதற்குப் பெயரிட்டார்கள். அந்த விலை எந்தப் பெண்ணுக்குக் கட்டுப்படியாகும், 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்ற கேள்விகள் அப்போதே எழுந்தன.

அமெரிக்காவுக்கே திரும்புவோம். அங்கே பல மாநிலங்களில், உரிமம் பெற்ற கடையில் 21 வயது நிரம்பியவர் ‘4473’ என்ற படிவத்தை நிரப்பி, குற்றப் பின்னணிச் சோதனையில் தேறினால் கைத்துப்பாக்கி கைக்கு வந்துவிடும். இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மறைத்து எடுத்துச்செல்லத் தனி உரிமமே வேண்டியதில்லை. ஆனால் துப்பாக்கியின் பயணத்தில் மிகக் கடினமான பகுதி கடையைத் தாண்டிய பிறகுதான் வருகிறது. அதை உடம்பில் எங்கே வைப்பது?

ஆணுக்கு இடுப்பில் தடித்த பெல்ட், மேலே தளர்ந்த சட்டை. உறைகள் எல்லாம் அந்த உடலுக்கு அளவெடுத்தவை. பெண்ணின் இடுப்பு வளைவில் அதே உறையை மாட்டினால் கைப்பிடி விலா எலும்பில் குத்தும். உட்கார்ந்தால் இன்னும் குத்தும். பல உடைகளில் பெல்ட்டே கிடையாது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டை உறை ஓரளவு கைகொடுக்கிறது. அதுவும் சரிப்படாதபோது துப்பாக்கி கைப்பைக்குப் போகிறது. தனி அறையும் ஜிப்பும் வைத்த கைப்பைகளைச் சந்தையே விற்கிறது. பையைப் பறித்தால் துப்பாக்கியும் போகும். பை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் இல்லை. குழந்தைக்கு எட்டும் தூரத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது. 2014-ம் ஆண்டின் கடைசி நாட்களில் ஐடஹோ மாநிலத்துக் கடை ஒன்றில், இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்து எடுத்த துப்பாக்கி வெடித்துத் தாய் இறந்தாள். அந்தப் பையில் துப்பாக்கிக்கென்றே ஜிப் வைத்த தனி அறை இருந்தது.

1887-ன் தகடு எங்கே போயிற்று? 1952-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் சுத்தி மறைந்த ‘சென்டெனியல்’ ரிவால்வரில் அது திரும்ப வந்தது. 1990 வாக்கில் அதே ரிவால்வரைப் புதுப்பித்தபோது தகட்டை எடுத்துவிட்டார்கள். பின்பு 2018-ல், அதே நிறுவனத்தின் ரிவால்வர் அல்லாத ஒரு புதுப் பிஸ்டலில் அது மறுபடி தோன்றியது: ‘ஷீல்டு ஈஸி’. பிஸ்டல்களில் தோட்டாவை உள்ளேற்ற மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்துவிட வேண்டும். அதன் விறைப்பான சுருள்வில்லைக் கண்டுதான் பல பெண்களும் வயதானவர்களும் கீல்வாதக்காரர்களும் பிஸ்டலை ஒதுக்கி ஜே-பிரேமுக்குப் போனார்கள். ஈஸியில் அந்த வில்லின் விறைப்பைக் குறைத்தார்கள். எடை 525 கிராம். பாயின்ட் 380 தோட்டா எட்டு. கைப்பிடி முழுக் கைக்கும் இடம் தருகிறது. உள்ளங்கை அழுத்தும் தகடும் உண்டு. பெண்ணின் பெயர் எதுவும் அதில் இல்லை. பெயரைத் தாங்கிய எல்லாத் துப்பாக்கிகளையும்விடப் பெண்ணின் கையை அதிகம் மதித்தது இதுதான் என்பது என் தீர்ப்பு. குறை இல்லாமலும் இல்லை: 2020-ல் வந்த அதன் 9 மில்லிமீட்டர் வகையில் சில சுத்திகள் விரிசல் விடக்கூடியவை என்று தெரிந்து, அந்த ஆண்டு நவம்பரில் நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்தது.

அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெண்களில் சிலரேனும் இதை யோசிப்பார்கள் என்பதால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, விதிவிலக்குகள் குறுகியவை. பச்சை அட்டையோ குடியுரிமையோ இருந்து, வேண்டும் என்று நீங்களே தீர்மானித்தால், கணவரோ அண்ணனோ வாங்கிப் பரிசளிக்க விடாதீர்கள். வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுபயிற்சிக் கூடத்துக்குப் போய், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, நான்கைந்து வகைகளை உங்கள் கையால் சுட்டுப் பாருங்கள். ஐம்பது தோட்டா சுட்ட பிறகும் கை வலிக்காத துப்பாக்கியை மட்டும் வாங்குங்கள். அதைக் கைப்பையில் வைக்காதீர்கள். உடம்போடு இருக்கட்டும், கழற்றி வைக்கும் நேரமெல்லாம் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.